பெல் நிறுவியது எது, நிறுவாதது எது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் அண்மையில் வெளியான குவாண்டம் பின்னல் (தொலைவாகப் பிரிந்த துகள்களின் நடத்தையும் ஒன்றோடொன்று பிணைந்தே இருப்பது) பற்றிய கட்டுரையைப் படித்தேன். இத்தகைய பொருளுக்குத் தமிழ் நாளிதழ் ஒன்று இவ்வளவு இடம் ஒதுக்குவது அரிது என்பதால் முதலில் நன்றி கூற வேண்டும். ஆயினும் அக்கட்டுரையில் ஜான் ஸ்டூவர்ட் பெல் என்ற இயற்பியலாளரைப் பற்றி வந்துள்ள இரண்டு கூற்றுகளைப் பேசாமல் கடந்துபோக மனம் ஒப்பவில்லை. ஒளியைவிட வேகமாகச் செய்தி அனுப்ப முடியும் என்று பெல் நிரூபித்துவிட்டார் என்பது ஒன்று; ஐன்ஸ்டைனை முறியடிப்பதற்காகவே அவர் அந்த ஆய்வில் இறங்கினார் என்பது மற்றொன்று. முன்னது பிழை. பின்னது உண்மைக்கு நேர் எதிரானது. கல்லூரியில் நெடுங்காலம் இயற்பியல் கற்பித்தவன் என்ற முறையில், பெல் உண்மையில் என்ன செய்தார் என்பதைத் தங்கள் வாசகர்களுக்குச் சற்று விரிவாகவே எடுத்துச் சொல்ல விரும்புகிறேன்.

பெல் 1928-இல் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில், வசதி குறைந்த குடும்பத்தில் பிறந்தவர். (தொலைபேசியோடு தொடர்புடைய பெல் வேறு, மாணவர்கள் ஆண்டுதோறும் கேட்கும் ஐயம் என்பதால் குறிப்பிடுகிறேன்.) பதினாறு வயதில் பள்ளிப் படிப்பை முடித்தவர், பல்கலைக்கழகத்தில் சேர வயது போதாத நிலையில், அந்நகரின் குவீன்ஸ் பல்கலைக்கழக இயற்பியல் துறையிலேயே ஓராண்டு ஆய்வக உதவியாளராக வேலை பார்த்துவிட்டு, பிறகு அங்கேயே மாணவராகச் சேர்ந்து பட்டம் பெற்றார். 1949 முதல் இங்கிலாந்தின் அணுசக்தி ஆய்வு நிறுவனத்தில் துகள் முடுக்கிகளை வடிவமைக்கும் பணி. 1960 முதல் ஜெனிவாவில் உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் துகள் இயற்பியல். அவருடைய மனைவி மேரி பெல்லும் முடுக்கி இயற்பியலில் பெயர் பெற்றவர். பெல்லுக்குச் சம்பளம் தந்த வேலை இதுதான். குவாண்டம் கோட்பாட்டின் அடிப்படைகள் பற்றி அவர் செய்த ஆய்வு அனைத்தும் அந்த வேலைக்கு வெளியே, கிடைத்த நேரத்தில் செய்யப்பட்டவை. ஆய்வு செய்ய ஒரு வேலை, சிந்திக்க ஒரு பொருள் என்று இரண்டையும் கடைசிவரை அவர் தனித்தனியாகவே வைத்திருந்தார்.

அவரை உறுத்திய பொருள் எதுவென்றால், அணுவுக்குள் நடப்பதை வியக்கத்தக்க துல்லியத்தோடு கணித்துத் தரும் குவாண்டம் கோட்பாடு, அளக்கும் கருவி எங்கே முடிகிறது, அளக்கப்படும் பொருள் எங்கே தொடங்குகிறது என்ற எளிய கேள்விக்குத் தெளிவான விடை தருவதில்லை என்பதுதான். கருவியும் அணுக்களால் ஆனதுதானே, அதற்கு மட்டும் ஏன் வேறு சட்டம் என்று கேட்டால், கணக்கு சரியாக வருகிறதல்லவா, அது போதும் என்பதே அக்காலத்துப் பேராசிரியர்கள் பலரின் விடையாக இருந்தது. மாணவராக இருந்தபோதே இதுபற்றித் தம் ஆசிரியருடன் வாதாடியவர் பெல்.

இதே அதிருப்தியைத்தான் ஐன்ஸ்டைன் 1935-இல் பொடோல்ஸ்கி, ரோசன் ஆகியோருடன் சேர்ந்து எழுதிய கட்டுரையில் வேறொரு முனையிலிருந்து முன்வைத்திருந்தார். ஒருமுறை தொடர்பு கொண்டு பிரிந்துபோன இரண்டு துகள்களில் ஒன்றை அளந்தால், மற்றதைத் தொடாமலேயே அதன் நிலையை உறுதியாகச் சொல்லிவிட முடிகிறது. தொலைவில் இருப்பதை இங்கிருந்து எதுவும் பாதிக்கவில்லை என்றால், அந்த நிலை அளப்பதற்கு முன்பே அங்கே இருந்திருக்க வேண்டும். அதைக் குவாண்டம் கோட்பாடு சொல்லவில்லை. ஆகவே கோட்பாடு தவறல்ல, முழுமையற்றது என்பது அவர்கள் வாதம். விடுபட்டுப்போன அந்தக் கூடுதல் விவரங்களுக்குப் பின்னர் மறைமாறிகள் என்ற பெயர் வழங்கலாயிற்று. குவாண்டம் கோட்பாட்டின் முன்னோடிகளுள் ஒருவரான நீல்ஸ் போர் அதே ஆண்டில் மறுப்பு எழுதினார். பெரும்பாலோர் அதைப் படித்தும் படிக்காமலும், வழக்கு தீர்ந்தது என்று எடுத்துக்கொண்டனர்.

அப்படி எடுத்துக்கொள்ள இன்னொரு வலுவான காரணமும் இருந்தது. கணித மேதை ஜான் வான் நாய்மன் 1932-இல் ஜெர்மன் மொழியில் வெளியிட்ட நூலில், குவாண்டம் கோட்பாட்டுக்கு அடியில் மறைமாறிகளை வைப்பது இயலவே இயலாது என்று நிறுவியிருந்ததாக எல்லோரும் நம்பினர். கிரேட்டே ஹெர்மன் என்ற பெண் அறிஞர் 1935-இலேயே அந்த நிறுவலில் உள்ள ஓட்டையைச் சுட்டிக்காட்டினார், கேட்பாரில்லை. 1952-இல் டேவிட் போம் என்ற இயற்பியலாளர், வான் நாய்மன் இயலாது என்று சொன்ன அதையே செய்து காட்டினார்: மறைமாறிகள் கொண்ட ஒரு கோட்பாடு, குவாண்டம் கோட்பாட்டின் விடைகளை அப்படியே தந்தது. இயலாதது கண்ணெதிரே நடந்திருக்கிறது என்றால் நிறுவலில்தான் எங்கோ பிழை இருக்க வேண்டும் என்று பெல் முடிவு செய்தார். ஆனால் அவருக்கு ஜெர்மன் தெரியாது. ஆங்கில மொழிபெயர்ப்பு 1955-இல்தான் வந்தது. பின்னர் அவர் அந்த நிறுவலை அக்கக்காகப் பிரித்துப் பார்த்தபோது தெரிந்தது இதுதான்: ஒரே நேரத்தில் அளக்க முடியாத அளவுகளிலும், சராசரிகள் ஒன்றோடொன்று கூடுவதைப் போலவே தனித்தனித் துகளின் மதிப்புகளும் கூட வேண்டும் என்று வான் நாய்மன் எடுத்துக்கொண்டிருந்தார். அப்படி இருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஒரு துறையே மேதையின் பெயருக்குக் கட்டுப்பட்டு இக்கேள்வியை மூடி வைத்திருந்தது என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கும் செய்தி.

போமின் கோட்பாட்டில் பெல் கவனித்த மற்றொன்று, அதில் ஒரு துகளின்மேல் செய்வது வெகுதொலைவில் உள்ள அதன் இணையை அக்கணமே பாதிக்கிறது என்பது. ஐன்ஸ்டைன் ஏற்கவே மாட்டாத பண்பு அது. இது போமின் கோட்பாட்டுக்கு மட்டும் உரிய குறையா, அல்லது மறைமாறிகள் கொண்ட எந்தக் கோட்பாடும் இதிலிருந்து தப்ப முடியாதா? இந்தக் கேள்விக்கு விடை தேடும் ஓய்வு, 1963-64-இல் செர்னிலிருந்து விடுப்பு எடுத்து அமெரிக்காவில் இருந்தபோதுதான் அவருக்கு வாய்த்தது. அந்த விடையைச் சொல்லி 1964-இல் வெளிவந்த அவருடைய கட்டுரை மொத்தம் ஆறு பக்கங்கள். விருந்தினராகத் தங்கியிருந்த பல்கலைக்கழகத்திடம் பக்கக் கட்டணம் கேட்கக் கூச்சப்பட்டு, கட்டணம் வாங்காத ஒரு புதிய ஆய்விதழுக்கு அதை அனுப்பினார். அந்த இதழ் நான்கே ஆண்டுகளில் நின்றுபோனது. வான் நாய்மனின் பிழையைச் சுட்டும் கட்டுரையை அதற்கு முன்பே எழுதிவிட்டார் என்றாலும், வேறோர் இதழின் அலுவலகக் குழப்பத்தில் சிக்கி அது 1966-இல்தான் அச்சேறியது. இதனால் அவருடைய விடை முதலிலும் கேள்வி பின்னரும் வெளிவந்தன.

அந்த ஆறு பக்கங்களின் சாரத்தைப் பள்ளிக் கணக்கைக் கொண்டே விளக்கலாம். பின்வருவது பெல் எழுதிய அதே வடிவமன்று. பின்னாளில் கற்பிப்பதற்காக எளிமையாக்கப்பட்டது. ஓர் ஊற்றிலிருந்து இணையாகப் பிறக்கும் இரண்டு ஒளித்துகள்கள் எதிரெதிர்த் திசைகளில் செல்கின்றன என்று கொள்வோம். ஒவ்வொன்றின் வழியிலும் ஒரு போலராய்டு தகடு (குறிப்பிட்ட திசையில் அதிரும் ஒளியை மட்டும் கடக்க விடுவது) நிற்கிறது. அதை 0, 60, 120 பாகை ஆகிய மூன்று கோணங்களில் ஏதேனும் ஒன்றில் திருப்பி வைக்கலாம். துகள் தகட்டைக் கடக்கும், அல்லது தடுக்கப்படும். மூன்றாவது விளைவு இல்லை. இரு பக்கத்திலும் ஒரே கோணம் வைக்கப்பட்டால் இரண்டு துகள்களும் எப்போதும் ஒன்றுபோலவே நடந்துகொள்கின்றன. இதற்கு ஐன்ஸ்டைன் வழியில் மிக இயல்பான ஒரு விளக்கம் உண்டு. புறப்படும்போதே மூன்று கோணங்களுக்கும் உரிய மூன்று விடைகளைத் துகள்கள் தம்முடன் எடுத்துச் செல்கின்றன. இரண்டிடமும் இருப்பது ஒரே விடைத்தாள்.

இப்போது இரு பக்கத்திலும் வெவ்வேறு கோணங்களை வைப்போம். விடைகள் இரண்டு வகைதான், கேள்விகளோ மூன்று. ஆகவே மூன்று கேள்விகளில் எவையேனும் இரண்டுக்காவது ஒரே விடை இருந்தே தீர வேண்டும். மூன்று கோணங்களிலிருந்து இரண்டிரண்டாக எடுத்தால் மூன்று இணைகள் கிடைக்கும். அவற்றுள் ஒன்றிலாவது விடைகள் ஒத்துப்போகும் என்பதால், கோணங்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தால் ஒத்துப்போகும் வீதம் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கவே முடியாது. விடைத்தாளில் எது எழுதியிருந்தாலும், அதை எழுதிய இயற்கை விதி எதுவாக இருந்தாலும் இதில் மாற்றமில்லை. குவாண்டம் கோட்பாடு தரும் வீதமோ 60 பாகையின் கொசைன் மதிப்பின் இருமடி, அதாவது நான்கில் ஒரு பங்கு. மூன்றில் ஒரு பங்கு எங்கே, நான்கில் ஒரு பங்கு எங்கே! இந்த இடைவெளி ஆய்வகத்தில் அளந்து பார்க்கக் கூடியது. தத்துவச் சண்டை என்று ஒதுக்கப்பட்ட ஒன்றை எண்ணிப் பார்த்துத் தீர்க்கக்கூடிய வழக்காக பெல் மாற்றினார் என்பதே அவருடைய சாதனை. விடைத்தாள் விளக்கம் பின்பற்றியாக வேண்டிய வரம்புதான் பெல் சமனின்மை என்று அழைக்கப்படுகிறது.

செர்னில் அவருடன் பணியாற்றிய ரைன்ஹோல்ட் பெர்ட்ல்மன் எப்போதும் இரு கால்களிலும் வெவ்வேறு நிறக் காலுறை அணிபவர். ஒரு காலில் இளஞ்சிவப்பைக் கண்டால் மறு காலில் அது இல்லை என்று பார்க்காமலே சொல்லிவிடலாம். அதில் மர்மம் ஏதுமில்லை. ஒளித்துகள்களின் ஒற்றுமையும் இந்தக் காலுறை விவகாரம் போன்றதுதானே என்று கேட்பவர்களுக்கு விடையாகவே பெல் 1981-இல் ஒரு கட்டுரை எழுதினார். காலுறைகளால் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே ஒருபோதும் போக முடியாது என்பதுதான் அந்த விடையின் உட்கிடை.

இனி, தங்கள் கட்டுரையின் முதல் கூற்றுக்கு வருகிறேன். ஒரு பக்கத்தில் அமர்ந்து தம்முடைய துகள்களை மட்டும் எண்ணிக்கொண்டிருப்பவருக்கு, கடந்தவை பாதி, தடுக்கப்பட்டவை பாதி என்றே எப்போதும் தெரியும். மறுபக்கத்தில் இருப்பவர் தகட்டை எந்தக் கோணத்துக்குத் திருப்பினாலும் இந்தப் பாதிக்குப் பாதி மாறுவதே இல்லை. இருவருடைய பட்டியல்களையும் பின்னர் ஓரிடத்தில் வைத்து, வரிக்கு வரி ஒப்பிடும்போதுதான் அந்த நான்கில் ஒரு பங்கு வெளிப்படும். பட்டியலைக் கொண்டுவந்து சேர்ப்பது தபாலோ தொலைபேசியோ எதுவானாலும், ஒளியின் வேகத்தை மிஞ்சாத ஒன்றுதான். ஆகவே இதைக் கொண்டு ஒரு சொல்லைக்கூட, ஆம் அல்லது இல்லை என்ற விடையைக்கூட, ஒளியை முந்தி அனுப்ப முடியாது. இதில் பெல்லுக்கே எந்த ஐயமும் இருக்கவில்லை. செய்தி செல்வதில்லை, ஆயினும் இரண்டு முனைகளும் தனித்தனி அல்ல என்ற இந்த இக்கட்டான இரட்டை நிலைதான் அவரைக் கடைசிவரை உறுத்தியது. ஒளியை முந்தும் செய்தி என்று எழுதிவிட்டால் அந்த உறுத்தலே இல்லாமல் போய்விடுகிறது. மீதமிருப்பது மந்திரக்கதை மட்டுமே. மனம் நினைத்தால் உலகம் மாறும் என்பதற்கும் சித்தர் பாடல்களில் இது முன்பே இருக்கிறது என்பதற்கும் பெல்லைச் சான்றுக்கு இழுப்போரும் உளர். மேலே சொன்ன கணக்கில் மனத்துக்கு எந்த இடமும் இல்லை என்பதை வாசகர்களே பார்க்கலாம்.

இரண்டாவது கூற்று இன்னும் வருந்தத்தக்கது. இந்த வழக்கில் பெல் ஐன்ஸ்டைன் பக்கம் நின்றவர். அளப்பவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உலகம் தன்பாட்டுக்கு இருக்கிறது, இயற்பியல் அதைப் பற்றியே பேச வேண்டும் என்பதில் இருவரும் ஒன்று. நீல்ஸ் போரைவிட ஐன்ஸ்டைனே தெளிவாகச் சிந்தித்தார் என்றும், அறிவுக்குப் பொருத்தமாக அவர் சொன்ன அந்த வழி இயற்கையில் செல்லாமல் போயிற்று என்றும் பெல் பின்னாளில் ஒரு நேர்காணலில் வருத்தத்தோடு கூறினார். ஐன்ஸ்டைனின் வாதத்தையே படிக்கல்லாகக் கொண்டு ஏறியவர், உச்சியில் கண்டது அவர் எதிர்பாராத காட்சி. அதை மறைக்காமல் சொன்னார் என்பதுதான் அவருடைய நேர்மை. முறியடிப்பு என்ற சொல் இந்த வரலாற்றில் எங்கும் பொருந்தாது.

சோதனைகளைப் பற்றித் தங்கள் கட்டுரை 2022 நோபல் பரிசை மட்டும் சொல்லி முடித்துவிட்டது. அதற்கு முந்தைய ஐம்பது ஆண்டுகளே சுவையானவை. 1969-இல் கிளவுசர், ஹார்ன், ஷிமோனி, ஹோல்ட் ஆகிய நால்வரும் பெல் சமனின்மையைச் சோதிக்கத் தக்க வடிவில் திருத்தி எழுதினர். 1972-இல் பெர்க்லியில் ஜான் கிளவுசரும் ஆய்வு மாணவர் ஸ்டூவர்ட் ஃப்ரீட்மனும் கால்சியம் அணுக்களிலிருந்து வெளிவரும் ஒளித்துகள் இணைகளைக் கொண்டு முதல் சோதனையைச் செய்தனர். குவாண்டம் கோட்பாடு தோற்கும் என்று நம்பி இறங்கியவர் கிளவுசர், அது தோற்கவில்லை. அதே காலத்தில் ஹார்வர்டில் நடந்த இன்னொரு சோதனை நேர்மாறான முடிவைக் காட்டியது. 1976-இல் கிளவுசரும், டெக்சாஸில் வேறொரு குழுவும் மீண்டும் செய்து பார்த்த பிறகே அந்த மாறுபட்ட முடிவு பிழையானது என்பது தெளிவாயிற்று. இத்தகைய ஆய்வு அக்காலத்தில் மதிக்கப்படாததால் கிளவுசருக்கு நிரந்தரப் பேராசிரியர் பதவி கிடைக்கவே இல்லை. 1975-இல் பிரெஞ்சு இயற்பியலாளர் அலேன் ஆஸ்பே தம் சோதனைத் திட்டத்தோடு ஜெனிவாவுக்குச் சென்றபோது, உங்களுக்கு நிரந்தர வேலை இருக்கிறதா என்பதே பெல் அவரிடம் கேட்ட முதல் கேள்வி. அது வேடிக்கைக்காகக் கேட்கப்பட்டதன்று.

ஆஸ்பே 1982-இல் பாரிசுக்கு அருகில் ஓர்சேயில் செய்த சோதனையின் சிறப்பு, துகள்கள் ஊற்றிலிருந்து புறப்பட்டு வழியில் இருக்கும்போதே அளவிடும் கோணத்தை மாற்றியதாகும். இரு முனைகளுக்கும் இடையே 12 மீட்டர்; அதைக் கடக்க ஒளிக்கு 40 நானோவிநாடி ஆகும்; கோணமோ ஏறத்தாழ 10 நானோவிநாடிக்கு ஒருமுறை மாறியது. ஒரு முனையின் செய்தி மறு முனைக்கு எட்டுவதற்குள் கேள்வியே மாறிவிடுகிறது. ஆயினும் ஐயத்துக்கு இடம் இருந்தது: கோணம் மாறிய முறை முழுக் குலுக்கல் அல்ல, துகள்களில் பெரும்பகுதி உணரிகளில் சிக்காமல் தப்பின. இந்த இரண்டு சந்துகளையும் ஒருசேர அடைத்த சோதனைகள் 2015-இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட், ஆஸ்திரியாவின் வியன்னா, அமெரிக்காவின் போல்டர் ஆகிய மூன்று ஊர்களில் நடந்தன. டெல்ஃப்ட் குழு 1.3 கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு வைரத் துண்டுகளுக்குள் இருந்த எலக்ட்ரான்களைப் பின்னி, 245 முறை சோதித்தது. 1969-இல் திருத்தி எழுதப்பட்ட வடிவில், விடைத்தாள் விளக்கத்துக்கான வரம்பு (மேலே சொன்ன மூன்றில் ஒரு பங்கின் இடத்தில் வருவது) 2. அவர்கள் பெற்ற மதிப்பு 2.42.

கோணத்தைத் தேர்வதே முன்கூட்டி விதிக்கப்பட்டிருந்தால் என்ன செய்வது என்று கேட்பவர்களும் உண்டு. அவர்களுக்காக 2018-இல் வியன்னா குழுவினரும் பிறரும், 700 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு புறப்பட்ட குவாசர் (வெகுதொலைவில் உள்ள மிகப் பிரகாசமான விண்பொருள்) ஒளியின் நிறத்தைக் கொண்டு கோணத்தைத் தேர்ந்தனர். முடிவு மாறவில்லை. இதற்கு மேலும் ஒருவர் எல்லாம் முன்பே விதிக்கப்பட்டபடிதான் நடக்கிறது என்று வாதாடினால், அவரை மறுக்கும் சோதனை எதுவும் இல்லை என்பது உண்மைதான். ஆனால் அந்த நிலைப்பாட்டை ஏற்றால் எந்தச் சோதனையையும் நம்ப முடியாது.

ஆகவே வீழ்ந்தது எது? ஓரிடத்தில் செய்வது தொலைவிடத்தைப் பாதிக்காது என்பதையும், விடைகள் அளப்பதற்கு முன்பே எழுதப்பட்டிருக்கின்றன என்பதையும் ஒருங்கே காப்பாற்றும் விளக்கம் வீழ்ந்தது. போமின் கோட்பாடு வீழவில்லை; அது முன்னதைக் கைவிட்டு நிற்கிறது. முன்னதைக் காப்பாற்ற விடைத்தாளைக் கைவிட்டால் போதும் என்போர் பலர். அது போதாது, விடைத்தாள் என்ற முடிவே முன்னதிலிருந்துதான் பிறந்தது, ஆகவே விட வேண்டியது முன்னதையே என்பது பெல்லின் வாதம். இதில் நான் பெல்லின் பக்கம். ஆனால் இந்தப் பூசல் இன்னும் தீரவில்லை என்பதையும், குவாண்டம் கோட்பாட்டையே ஐயுற வேண்டியதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கருவி எங்கே முடிகிறது என்ற பழைய கேள்வியும் அப்படியே இருக்கிறது.

பெல் 1990 அக்டோபர் 1 அன்று, 62 வயதில், ஜெனிவாவில் மூளை இரத்தக்கசிவால் இறந்தார். இறந்தவர்களுக்கு நோபல் பரிசு இல்லை என்பதால் 2022-இல் கிளவுசர், ஆஸ்பே, வியன்னாவின் ஆன்டன் சைலிங்கர் ஆகிய மூவரின் பெயர்களே அறிவிக்கப்பட்டன.

இவை எல்லாம் தொலைதூரச் செய்திகள் அல்ல. மத்திய அரசு 2023 ஏப்ரலில் சுமார் 6,000 கோடி ரூபாயில் தேசிய குவாண்டம் இயக்கத்துக்கு ஒப்புதல் அளித்தது. அதில் குவாண்டம் தகவல்தொடர்புக்கான மையம் சென்னை ஐ.ஐ.டி.யில் அமைந்துள்ளது. செய்திகளைப் பூட்டித் திறக்கும் இரகசியச் சாவியை ஒட்டுக்கேட்க முடியாமல் பகிரும் முறைகளில் ஒன்று, 1991-இல் ஆர்த்தர் எக்கர்ட் முன்மொழிந்தது, நேரடியாகப் பெல் சமனின்மையின் மேலேயே கட்டப்பட்டது: வரம்பு மீறப்படுகிறதா என்று அளந்து பார்த்தே, இடையில் எவரும் நுழையவில்லை என்பதை உறுதி செய்துகொள்கிறார்கள். அந்த இயக்கத்தின் நான்கு பிரிவுகளும் கணினி, தகவல்தொடர்பு, உணரிகள், பொருள்கள் என்று பயன்பாட்டை நோக்கியே வகுக்கப்பட்டுள்ளன. அடிப்படைகளைப் பற்றிக் கேள்வி கேட்பவருக்குத் தனியாக ஒரு பிரிவு இல்லை. சிறு தொகையேனும் அதற்கென ஒதுக்கப்பட வேண்டும் என்பது என் கருத்து. சம்பள வேலைக்கு வெளியே எழுதப்பட்ட ஆறு பக்கங்கள்தான் இன்றைய இச்செலவுக்கெல்லாம் ஒரு வேர் என்பதைத் திட்டம் வகுப்போர் அறியாதவர்கள் அல்லர்.

தங்களிடம் நான் வேண்டுவது சிறியது. ஒளியை முந்திச் செய்தி அனுப்பலாம் என்ற வரிக்கு ஒரு திருத்தத்தை அதே பக்கத்தில் வெளியிட வேண்டுகிறேன். பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் அப்பக்கத்தை வெட்டி எடுத்து வைத்துக்கொள்வதை நானே பார்த்திருக்கிறேன். இடம் இருந்தால், மூன்று கோணக் கணக்கையும் ஒரு கட்டத்துக்குள் போடலாம். அதைப் புரிந்துகொள்ள அவர்களுக்குத் தெரிந்த கணக்கே போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியர்,
திருச்சிராப்பள்ளி.